மலைக்கு ஏற்ற எக்சோஸ்

எங்கள் கடைக்கு வரும் ஆண்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஆளு யாரும் இல்லையா?" என்பதுதான். அப்படியென்றால் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற நான் ஆள் இல்லை போலிருக்கிறது. மலாக்காவில், பத்து பெரண்டாமில் இந்த மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் பதினொரு வருடமாக நிற்கிறேன். அதற்கு முன்னால் பக்கத்து ஃபேக்டரியில் ஒன்பது வருடம் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை விட்டுக் கம்ப்யூட்டர் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேக்டரியை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய வாரம் இந்தக் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஆள் தேடினார், வந்து ஒட்டிக்கொண்டேன். ஆள் இல்லையா என்று கேட்பவனைக் கொஞ்ச நேரம் காக்க வைப்பேன். பிறகு வெளியே போய், அவன் மோட்டாரின் எக்சோஸ் குழாய் வாயில் விரலை விட்டுக் கரியைத் தேய்த்துப் பார்த்து, "எண்ணெய் ரொம்பக் குடிக்குதோ?" என்று கேட்பேன். அவன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

பெருமை என்று சொல்லுங்கள், திமிர் என்று சொல்லுங்கள். "தெரியாது" என்ற சொல் மட்டும் என் வாயில் வராது. கவுண்டரில் நிற்கும் பெண் ஒரே ஒரு தடவை தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும், மறுநாளிலிருந்து எல்லாரும் என்னைத் தாண்டி நேராகப் பின்னால் காளிதாஸ் அண்ணனிடம் போய்விடுவார்கள். அவர்தான் கடையின் மெக்கானிக். கையில் கிரீஸ், வாயில் மௌனம். எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

கவிநேசன் என்னைத் தாண்டிப் போகாதவன். முதல் நாளே கவுண்டரில் ஹெல்மெட்டை வைத்துவிட்டு, "அக்கா, மலை ஏறணும். என்ன எக்சோஸ் போடலாம்?" என்று என்னிடம்தான் கேட்டான். முப்பத்தொரு வயது. ஆயர் குரோவில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் பார்க்கும் வேலை. அவன் மனைவி பவானேஸ்வரி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கல்யாணமான மூன்றாம் மாதமே கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கு அவளை மாற்றிவிட்டார்கள். திரும்ப மலாக்காவுக்கு மாற்றல் கேட்டு நான்கு மனு போட்டார்கள், நான்கும் கிணற்றில் போட்ட கல். அதனால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் இவன் மோட்டாரில் ஏறுவான். ஞாயிற்றுக்கிழமை இறங்கி வருவான். போக முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், வர முந்நூற்றுச் சொச்சம்.

"கார் இல்லையா தம்பி?"

"கார் அவகிட்ட இருக்கு கா. தோட்டத்துப் பாத, எந்நேரமும் மழ. டீச்சர நனைய விடலாமா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். மனைவியை மூச்சுக்கு மூச்சு டீச்சர் என்பான்.

அவனுடைய மோட்டார் பழைய டூ ஸ்ட்ரோக், நூற்று முப்பத்தைந்து சிசி. இப்போது அந்த மாடல் வருவதில்லை. ஆனால் அதன் மேல் பைத்தியமாக அலைகிற ஒரு கூட்டம் இருக்கிறது, ஞாயிறுதோறும் கும்பலாக ஓட்டுவார்கள். கவிநேசனும் அந்தக் கும்பல்தான். பட்டணத்துச் சாலையில் அது பறக்கும். மலையடிவாரத்தில், தாப்பாவில் ஹைவேயை விட்டு மலைப்பாதையில் திரும்பியதும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் முக்கிக்கொண்டு நிற்க, பின்னால் காய்கறி லோரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பானாம்.

நான் சுவரிலிருந்து இரண்டு எக்சோஸை இறக்கிக் காட்டினேன். ஒன்று, முன்பக்கமே வயிறு பெருத்து வாலில் சட்டென்று ஒல்லியாவது. பையன்கள் எல்லாரும் கேட்பது அதுதான். சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஆனால் எஞ்சின் மேல் சுற்றுக்குப் போன பிறகுதான் அது சக்தியைக் கொடுக்கும், வளைவில் முதல் கியரில் திணறும்போது உதவாது. போலீஸ் ரோட் பிளாக்கில் மாட்டினால் சம்மன் வேறு. இன்னொன்று நீளமாக, ஒரே சீராக, வயிறு லேசாக மட்டும் வீங்கியது. பார்க்க எடுப்பாக இருக்காது, சத்தமும் அடக்கம். கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும்.

கவிநேசனின் கை முதலில் வயிறு பெருத்ததைத்தான் தடவியது. ஆண்பிள்ளை கை வேறு எதைத் தடவும்?

"உனக்கு மலை ஏறணுமா, தெருவுல இருக்கிறவனெல்லாம் உன்னப் பாக்கணுமா?" என்று கேட்டேன்.

"மலைதான் கா."

"அப்ப இத எடு. மேல காத்து மெலிசு. இந்தப் பைப்புதான் அடியிலயே தள்ளும்."

நான் என் வாழ்நாளில் ஏறிய மலை, தைப்பூசத்துக்கு ஏறிய பத்துமலைப் படிக்கட்டு மட்டும்தான். கேமரனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்று நான் சொன்ன அத்தனையும் சரி. அதை இன்றைக்கும் சொல்வேன். எக்சோஸில் நான் தப்புச் செய்யவில்லை.

காளிதாஸ் அண்ணன்தான் அதை மாட்டினார். மாட்டிவிட்டு கார்ப்புரேட்டரைத் திறந்து, ஜெட் என்கிற நகக்கண் அளவு பித்தளைத் துண்டைக் கழற்றிக் காட்டினார். அதன் நடுவில் ஊசி ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும், நாங்கள் எண்ணெய் என்போம். புது எக்சோஸ் புகையை வேகமாக வெளியே தள்ளும், அதனால் எஞ்சின் இன்னும் எண்ணெய் கேட்கும், ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லிப் பெரிய ஜெட் ஒன்றைப் போட்டார். பழைய சின்ன ஜெட்டைத் தூக்கிப் போடவில்லை.

"மேல போனா காத்து கம்மி. பெரிய ஜெட்டு போட்டா எண்ணெ மூச்ச அடைக்கும். அங்க பழசு போதும். தாப்பாவுல நின்னு இத மாட்டிக்க. கீழ வந்தா மறுபடி பெருச மாட்டிக்க. மறந்துராத." அண்ணன் ஒரு மாதத்தில் பேசுவதை அன்று ஒரே மூச்சில் பேசிவிட்டார்.

ஜெட்டைப் போட்டு வைக்கச் சின்னப் பிளாஸ்டிக் பை நான்தான் கொடுத்தேன். காதணி போட்டு விற்பார்களே, அந்த மாதிரிப் பை. கவிநேசன் மோட்டாரை அன்று மாலையே முனீஸ்வரர் கோவிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கடியில் எலுமிச்சை வைத்து ஏற்றி நசுக்கி, அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான்.

மூன்று வாரம் போய் வந்தான். சொன்னபடி ஏறும்போது ஒன்று, இறங்கிய பின் ஒன்று என்று ஜெட்டை மாற்றினான். மூன்றாவது வாரம் எனக்கு ஒரு டப்பா ஸ்ட்ராபெரி கொண்டு வந்தான். "லோரிக்காரன நான் ஓவர்டேக் பண்ணேன் கா!" என்று கடை முழுவதும் கேட்கும்படி சொன்னான். அன்று நான் தரையில் நடக்கவில்லை. தவுக்கேகூட ஒரு ஸ்ட்ராபெரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பாகுஸ் லா ஜெயா" என்று மெச்சினார்.

நான்காவது வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் கடலோரம் உம்பாயில் இருந்தேன். என் வீட்டுக்காரர் நாகமுத்து ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர், அவருக்கு ஞாயிறு லீவு கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் உம்பாய்க்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிடுவோம். மேசையில் வாழையிலைக்குள் மீன், என் கை முழுக்கச் சம்பல். மாலை நாலு பத்துக்குக் வாட்ஸ்அப்பில் கவிநேசனிடமிருந்து வாய்ஸ் வந்தது. சுண்டுவிரலால் தட்டிக் கேட்டேன்.

"அக்கா, சாப்டாச்சா? காளி அண்ணன் போன் எடுக்கல லா. இங்க மழ வர்ற மாதிரி இருக்கு. தாப்பாவுல நின்னு ஜெட்டு மாத்தணும்னா நனஞ்சுருவேன். கெளம்புறதுக்கு முன்னாடி இங்கயே மாத்திரணுமா, இல்ல வீட்டுக்கு வந்து மாத்திக்கலாமா?"

பின்னால் தூரத்தில் ஒரு பெண் குரல், "கெளம்புங்களேன், மழ வந்துரும்!" என்றது. அவன் சிரித்தான். "டீச்சர் அடிக்க வர்றாங்க கா, சீக்கிரம் சொல்லுங்க." அதோடு முடிந்தது.

எனக்குப் பதில் தெரியாது. உண்மை அதுதான். காளி அண்ணன் சொன்னது காதில் இருந்தது, ஆனால் மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. "தெரியல தம்பி, எதுக்கும் மாத்திட்டே வா" என்று சொல்லியிருக்கலாம். ஏழு சொல்கூட இல்லை. மீன் ஆறிக்கொண்டிருந்தது, இவர் வேறு "யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன ஜெட் அவன் மோட்டாரில் வருடக்கணக்காக இருந்ததுதானே என்று ஒரு நினைப்பு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். சுண்டுவிரலால் மைக்கை அழுத்திப் பேசினேன்.

"சாப்ட்டுட்டே இருக்கேன் தம்பி. அது உன் பழைய ஜெட்டுதானே லா, இத்தன வருஷம் அதுலதானே ஓட்டுன? ஒண்ணும் ஆகாது. மழைக்கு முன்னாடி கெளம்பு. வீட்டுக்கு வந்து மாத்திக்க."

கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான். நான் மீனைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் சாப்பிட்டேன்.

வருடக்கணக்காக அந்த ஜெட் இருந்தது பழைய எக்சோஸோடு. புது எக்சோஸ் போட்ட பிறகு, கீழே, கனமான காற்றில், அந்தச் சின்ன ஓட்டை எஞ்சினுக்குப் போதாது. அந்த எக்சோஸைச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்தவளே நான். நானே அதை மறந்தேன்.

மலையிலிருந்து அவன் நல்லபடியாகத்தான் இறங்கினான். வளைவுகளில் ஒன்றும் ஆகவில்லை. தாப்பாவில் ஹைவே ஏறி, மழையும் விட்டு, சாலை நேராகக் கிடக்க, வீட்டு நினைப்பில் முழு வேகத்தில் முறுக்கியிருக்கிறான். எண்ணெய் போதாமல் எஞ்சின் கொதித்து, பிஸ்டன் உருகி ஒட்டிக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. பின்னால் லோரி. லோரிக்காரன் மேல் தப்பில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கவிநேசனின் உயிர் அந்த இடத்திலேயே போனது. அவன் கைப்பேசி லோரிச் சக்கரத்துக்கடியில் தூளானது.

திங்கள் காலை கடை திறக்கும்போது மோட்டார் கும்பலில் ஒருவன் வந்து சொன்னான். நான் ஷட்டரைப் பாதி தூக்கிய கையோடு நின்றேன். காளி அண்ணன் வந்து மீதியைத் தூக்கினார். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பிள்ளை செத்துக் கிடக்கிறான், எனக்கு முதலில் வந்தது என்னைப் பற்றிய பயம்.

அவனை எடுத்த அன்று சுடுகாடு வரைக்கும் பின்னாலேயே நாற்பது மோட்டார் போனது. நான் கடையைவிட்டு நகரவில்லை, ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை காலை போலீஸிலிருந்து கடைக்குப் போன் வந்தது. மோட்டாரில் எக்சோஸ் மாற்றியிருக்கிறது, எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். தவுக்கே போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஜெயா, நீ அவன் கிட்ட வாட்ஸ்அப் பேசுவியா? நீ ஏதாவது சொல்லிச்சா?"

"இல்ல தவுக்கே."

"ஆ, பாகுஸ். சொல்லியிருந்தா பிறகு சூசா, தொல்லை."

நான் பின்னால் டாய்லெட்டுக்குப் போனேன். கதவைத் தாழிட்டேன். வாட்ஸ்அப்பில் கவிநேசனின் பேரைத் திறந்தேன். எலுமிச்சை நசுங்கிய படம், ஸ்ட்ராபெரிப் படம், ஞாயிறு நாலு பத்துக்கு அவன் குரல், நாலு பன்னிரண்டுக்கு என் குரல், கட்டைவிரல். என் குரலை மட்டும் அழிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். கேள்வி இருந்தால் பதில் எங்கே என்று கேட்பார்களே. எல்லாவற்றையும் சேர்த்து அழித்தேன். அது ஒரே ஒரு தட்டு. அழிக்கவா என்று கைப்பேசி ஒரு முறை கேட்டது, ஆமாம் என்றேன்.

போலீஸ் மறுபடி போன் செய்யவே இல்லை.

காளி அண்ணன் ஸ்டேஷனுக்குப் போய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தார். கை கழுவிக்கொண்டே, "சின்ன ஜெட்டு உள்ள இருக்கு. பிஸ்டன் ஜாம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் அன்னிக்குச் சொன்னது நெனவிருக்கா? கீழ வந்தா மாத்தச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க அண்ணே."

"ஏன் மாத்தல அந்தப் பய?" என்று கேட்டுவிட்டுத் துணியைத் தரையில் வீசினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். தன் மேலேயே கோபம். ஞாயிறு முழுக்கக் கைப்பேசியை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாராம். அவன் கூப்பிட்ட இரண்டு அழைப்பும் அதில் கிடந்தன. நான் போல்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் பவானேஸ்வரி கடைக்கு வந்தாள். நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை, கவிநேசனின் கைப்பேசிப் படத்தில் பார்த்ததுதான். ஒல்லியான பெண். வெள்ளைச் சுடிதார். கார்ச் சாவி கையிலேயே இருந்தது. கவுண்டருக்கு வந்து, "ஜெயா அக்கா நீங்கதானே?" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். உள்ளே அந்தப் பெரிய ஓட்டை ஜெட்.

"அவரு சிலுவார் பாக்கெட்டுல இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. காளிதாஸ் அண்ணன்கிட்ட கேட்டேன். இத மாட்டியிருந்தா உயிரோட இருந்திருப்பாருன்னு சொன்னாரு. நெசமா கா?"

காளி அண்ணனை என்ன செய்வது? கேட்டால் உள்ளதைத்தான் சொல்வார்.

"ஆமாம்மா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், மாணவன் சொன்ன பதில் சரிதான் என்பதுபோல. "அப்ப நான்தான் கா. அன்னிக்கு அவரு வாசல்ல உக்காந்து இந்தப் பைய எடுத்தாரு. ஸ்க்ரூ டிரைவரும் கையில இருந்துச்சு. நான்தான் மழ வருது கெளம்புங்க கெளம்புங்கன்னு கத்துனேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நனஞ்சு போயி அவருக்குக் காய்ச்சல். அதான் கத்துனேன். கொஞ்ச நேரம் போன நோண்டிக்கிட்டு நின்னாரு. அப்புறம் பைய பாக்கெட்டுல போட்டுட்டு, சரி டீச்சர், சொன்னா சரின்னு ஏறிட்டாரு. பதினஞ்சு நிமிஷ வேல. நான் வாய மூடிட்டு இருந்திருந்தா..."

இல்லையம்மா, அவன் சரி என்று சொன்னது உனக்கு இல்லை, எனக்கு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு மலாய்க்காரர் வந்து செயின் ஸ்ப்ரே கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். பில் போட்டேன். அவர் போகும்வரை அவள் ஓரமாக நின்றாள்.

"இன்னொண்ணு கேக்கணும் கா," என்றாள். "அவரு குரல் சேத்துக்கிட்டு இருக்கேன். அவரு போன் போச்சு. எங்கிட்ட எப்பவும் நேரா போன்ல பேசுவாரு, வாய்ஸ் அனுப்பவே மாட்டாரு. அவரு கூட்டாளிங்க எல்லாரும் தேடிக் குடுத்தாங்க, இருபத்திமூணு கெடச்சிருக்கு. எல்லாம் பழசு. டயர், பிளக்குன்னு பேசுறாரு, பரவால்ல. கடைசி வாரத்துது ஒண்ணு இருந்தா நல்லாருக்கும். உங்களுக்கு ஏதாச்சும் அனுப்பியிருக்காரா?"

"இல்லம்மா. எங்கிட்ட எழுதித்தான் அனுப்பும் தம்பி."

"சரி கா." ஜெட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "பதினாறுக்கு வந்துருங்க. உங்களப் பத்தி வீட்டுல ரொம்பச் சொல்வாரு."

அவள் கார் போனதும் நான் கைப்பேசி ரிப்பேர் கடைக்கு ஓடினேன். இரண்டு கடை தள்ளித்தான் இருக்கிறது. அழித்த வாய்ஸை எடுக்க முடியுமா என்று கேட்டேன். பேக்கப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அதெல்லாம் என்ன என்றே எனக்குத் தெரியாது. வாங்கிப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். ஆயர் குரோவில் பெரிய கடைக்குப் போனேன், அங்கேயும் அதே பதில். பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் இவர் என்ன ஏது என்று கேட்டார். வாயுத் தொல்லை என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்தை, லீவு நாள் என்று, ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொண்டார்கள். அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவள் தலையில் தூக்கி வைத்திருக்கும் பாரம் என்னுடையது, அதை நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அடிப்பாள், அடிக்கட்டும். போலீஸுக்குப் போவாள், போகட்டும். வேலை போகும், போகட்டும். வழியெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி மனதைக் கெட்டிப்படுத்தினேன். என் பாவம் அந்த ஜெட்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயர் குரோவில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. வாசலில் கூடாரம் போட்டு நாற்காலிகள். உள்ளே படையல். கவிநேசனின் படத்துக்கு முன்னால் இலையில் சோறு, கறி, அவனுக்குப் பிடித்த கோழி வறுவல், ஒரு டின் மைலோ. இலைக்குப் பக்கத்தில் எக்சோஸ். மோட்டாரை எடுத்து வந்த கூட்டாளிகள் அதை மட்டும் கழற்றி, நசுங்கிய இடத்தைத் தட்டி நிமிர்த்தி, பளபளவென்று தேய்த்து, திருநீறு பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பவானேஸ்வரி பின்கட்டில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் யாருமில்லை. நின்றபடியே சொன்னேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சாகச் சொன்னேன். உம்பாய், மீன், அவன் கேட்டது, நான் சொன்ன பதில். "அவன் போன நோண்டுனது எங்கிட்ட கேக்கத்தாம்மா. நீ கத்துனதுக்காக இல்ல, நான் வேணாம்னு சொன்னதாலதான் அந்தப் பைய பாக்கெட்டுல போட்டான். உன்மேல ஒண்ணுமில்ல. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொன்னவ நான்தான்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"வாய்ஸா அனுப்புனாரு?"

நான் தலையை ஆட்டினேன்.

"எத்தன மணிக்கு?"

"நாலு பத்து."

"என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். அக்கா, சாப்டாச்சா என்பதிலிருந்து தொடங்கினேன். ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. "நடுவுல உன் குரலும் இருந்துச்சும்மா. கெளம்புங்களேன், மழ வந்துரும்னு. அதுக்கு அவன் சிரிச்சான். டீச்சர் அடிக்க வர்றாங்க கா, சீக்கிரம் சொல்லுங்கன்னான்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

மறுபடியும் சொன்னேன். என் தொண்டையில் அவன் பேச்சு கட்டையாக, அசிங்கமாக வந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். உதடு அசைந்தது. முடிந்ததும் கையை நீட்டினாள்.

"குடுங்க கா. நானே கேட்டுக்கறேன்."

"இல்லம்மா. அழிச்சிட்டேன்."

"எப்ப?"

"புதன்கிழம. போலீஸ் போன் பண்ணாங்க. பயந்துட்டேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. உள்ளே யாரோ மணியடித்துத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஜெட்டு விஷயம் நீங்க தெரியாம சொன்னீங்க," என்றாள். குரல் உயரவில்லை, வகுப்பில் கணக்கு விளக்குகிற மாதிரி இருந்தது. "அவரும் கேட்டுட்டாரு. நானும் கத்துனேன். அத நான் எப்படியாச்சும் ஆத்திக்குவேன் கா. ஆனா புதன்கிழம அவரு செத்துப் போயிருந்தாரு. அது அவரு கடைசிக் குரலுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதானே அழிச்சீங்க?"

"ஆமாம்மா."

"அன்னிக்குக் கடையில நான் கேட்டேன். இல்லன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் தட்டுகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். அவை ஒன்றோடொன்று இடித்தன. நான் உதவக் கையை நீட்டினேன், அவள் நகர்த்திக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள். "போலீஸ்கிட்டயும் போக மாட்டேன். நீங்க இங்க சாப்பிடாம மட்டும் போயிருங்க."

கருமாதி வீட்டில் எதிரியைக்கூடச் சாப்பிடச் சொல்லித்தான் அனுப்புவார்கள். அவள் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பக்கவாட்டில் இருந்த சந்து வழியாக வாசலுக்கு வந்தேன். பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். கவிநேசனின் அம்மா குஞ்சம்மா நாற்காலிகளுக்கு நடுவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சுட்டது.

"நீதானே ஜெயா? எம்மவனுக்கு மலைக்கு நல்ல பைப்பா பாத்து எடுத்துக் குடுத்த பிள்ள. சாகுற வரைக்கும் ஒம்பேரச் சொல்லிக்கிட்டே இருந்தான்மா. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா," என்றேன்.

அவர் என் கையை விடவில்லை. இலையில் என்னென்ன போட்டார்கள், கோழி வறுவல் கிடைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது, நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.